ஹம்மிங்பேர்டுக்கு எந்தச் சீனி?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே சீடர் பார்க்கில் புதிதாக வீடு வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார். ஹம்மிங்பேர்டு என்ற, பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைக்காகக் கொல்லைப்புறத்தில் சிவப்பு ஃபீடர் (இனிப்புத் தண்ணீர் ஊற்றிவைக்கும் குப்பி) ஒன்றைத் தொங்கவிட்டு ஆறு வாரமாகிறது. வெள்ளைச் சீனி உடம்புக்கு ஆகாது என்று பனங்கற்கண்டும் தேனும் கரைத்து, கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயம் இரண்டு சொட்டு விட்டு ஊற்றிவைத்தாராம். எறும்பு வந்தது, தேனீ வந்தது, ஹம்மிங்பேர்டு மட்டும் வரவில்லை. கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவியும் எறும்பு நிற்கவில்லை. மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா, "இது நம் ஊர்த் தேன்சிட்டுதானே, நாலு செம்பருத்தி வைத்தால் தானாக வராதா?" என்கிறாராம். தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்குப் போவதால், பழக்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் பறவை பட்டினி கிடக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

எதை ஊற்றுவது என்பது மேலோட்டமான கேள்வி. ஆசையாக ஒன்றைச் செய்யப் போய் அந்தச் சின்ன உயிருக்கு நம் கையால் கேடு வந்துவிடக் கூடாதே என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் படித்தது விலங்கியல், பிழைப்பு வேறு. இந்த ஊரில் 17 கோடைக்காலமாக ஃபீடர் வைக்கிறேன். பறவையின் காலில் அடையாள வளையமிட அரசு உரிமம் பெற்ற ஒருவருக்கு உதவியாளாகச் சில செப்டம்பர்களில் கடலோரம் போய்வருகிறேன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆகவே நோயுற்ற பறவைக்கு வைத்தியம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் ஐயமே இல்லாதது. ஒரு டம்ளர் வெள்ளைச் சீனி, நான்கு டம்ளர் தண்ணீர். அதே டம்ளரால் அளந்தால் போதும். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். இந்தப் பறவை தேடிப் போகும் பூக்களின் தேனில் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ். கடைச் சீனியும் சுக்ரோஸ்தான். ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு, பூவில் இருக்கும் இனிப்புக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது. தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டிய கட்டாயம் இல்லை. வெந்நீரில் சீனி சீக்கிரம் கரையும், அவ்வளவுதான். பாகு காய்ச்சுவதுபோல் அடுப்பில் விட்டுவிட்டால் தண்ணீர் வற்றிக் கணக்கு மாறிவிடும். ஆறவைத்து ஊற்றுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். மாவாக அரைத்த சீனியை வாங்கிவிடாதீர்கள். கட்டி தட்டாமல் இருக்க அதில் சோளமாவு கலந்திருப்பார்கள்.

வெள்ளைச் சீனி மேல் நமக்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் அதை அடுக்களையிலிருந்து விரட்டி நாளாயிற்று. இப்போது அது பறவைக்காக மட்டுமே வாங்கப்படுகிறது. ஆனால் நம் உடம்பு வேறு, அதன் உடம்பு வேறு. 3 கிராம் எடை, அதாவது இந்த நாட்டு ஒரு சென்ட் நாணயத்தைவிடச் சற்றே கூடுதல். இறக்கை நொடிக்கு 50 முறை அடிக்கிறது. இதயத் துடிப்பு, வேகம் கூடும்போது, நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. உள்ளே போன சீனி உடனே எரிந்து தீர்ந்துவிடுகிறது. பனங்கற்கண்டு, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் நாம் போற்றுவது உப்புகளும் இரும்பும். அதுதான் இங்கே வேண்டாதது. கூண்டில் வளர்க்கப்படும் தேன்குடிப் பறவைகளுக்கு ஈரலில் இரும்பு தேங்கி நோய் வருவது தெரிந்த விஷயம். வாசலில் தொங்கும் ஃபீடரில் கொஞ்சம் வெல்லம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று யாரும் கிராம் கணக்கில் அளந்து சொல்லவில்லை. கெடுதல் வரலாம், நன்மை ஒன்றும் இல்லை என்னும்போது அதில் சோதனை செய்து பார்ப்பானேன்?

தேன் இன்னும் மோசம். தண்ணீர் படாத தேன் ஆண்டுக்கணக்கில் கெடாது. தண்ணீர் கலந்ததும் வெயிலில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று விற்கும் மாற்று இனிப்புகளும் கூடாது. அவற்றில் எரிபொருளே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான பறவைகளுக்கு இனிப்பை உணரும் ஏற்பி கிடையாது. ஹம்மிங்பேர்டின் முன்னோர்களிடம் இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி உருமாறி இனிப்பை உணரத் தொடங்கியது என்று 2014இல் காட்டினார்கள். அதே ஆய்வில் அஸ்பார்ட்டேம் என்ற மாற்று இனிப்பு கலந்த நீரை அது சீண்டவில்லை. நம்மைவிடக் கெட்டிக்கார நாக்கு.

சிவப்புச் சாயத்தைப் பற்றிச் சூடாகப் பேசுபவர்கள் உண்டு. குடித்தால் செத்துவிடும் என்பார்கள். அந்த அளவுக்கு உறுதியான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் தன் எடைக்கு மேல் திரவம் குடிக்கக்கூடிய ஒரு பிராணிக்குள் அந்தச் சாயம் எவ்வளவு போகும் என்று நினைத்துப் பாருங்கள். பூந்தேனுக்கு நிறமும் கிடையாது. ஃபீடரின் சிவப்பு மூடியே போதுமான அழைப்பு. மூடி வெளுத்துப்போயிருந்தால் ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள்.

இனி, சீனியைவிட முக்கியமானது: கழுவுவது. முதல் ஆண்டு நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். கண்ணாடிக் குப்பி பளபளவென்று இருந்ததால் சுத்தமாக இருக்கிறது என்று மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அடித்தட்டைத் திருகிக் கழற்றி, பிளாஸ்டிக் பூவின் துளைக்குள் பல் துலக்கும் பிரஷின் முனையை விட்டுச் சுழற்றினேன். மை போலக் கருப்பாகப் பூஞ்சை வந்தது. பறவை அலகை விடுகிற இடம் அதுதான். அன்றைக்கு அடுத்தடுத்து ஆறு முறை கழுவியும் மனம் ஆறவில்லை. அதிலிருந்து குப்பியை வாங்கும்போதே எல்லாப் பாகமும் கழன்று வருகிறதா என்றுதான் பார்க்கிறேன். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தினமும் மாற்ற வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பொருள் ஜூன் முதல் செப்டம்பர் வரை தினமும். மிதமான நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை. நீர் கலங்கியிருந்தாலோ கரும்புள்ளி தெரிந்தாலோ எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். வெந்நீரும் பிரஷும் போதும். பிடிவாதமான கறைக்கு வினிகரில் ஊறவையுங்கள். 2019இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் ஃபீடர் நீரில் வளரும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார்கள். அவை ஏராளமாக இருந்தாலும் பெரும்பாலானவை நோய் தருபவையாகத் தெரியவில்லை என்றார்கள். ஆறுதலான செய்திதான். அதற்காகக் கருப்புப் பூஞ்சையோடு விட்டுவிட முடியாது. கால் குப்பி மட்டும் ஊற்றினால் தினமும் கொட்டுவது வயிற்றெரிச்சலாக இருக்காது. தினம் கழுவ முடியாத வீடு என்றால் குப்பியே வேண்டாம், செடி போதும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இதே யோசனையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எறும்பு ஏன் வருகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. உங்களுடையது தலைகீழாகக் கவிழ்ந்த குப்பி வகை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அது மேற்கு வெயிலில் தொங்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து நீரைத் துளைவழியே வெளியே தள்ளும். சொட்டுச் சொட்டாக ஒழுகும். கீழே தரையில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நிழலுக்கு மாற்றினால் ஒழுகல் குறையும். தட்டு வகை ஃபீடர் வாங்கினால் ஒழுகலே இருக்காது. நீர்மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் தேனீயின் நாக்கும் எட்டாது. எறும்புக்கு நம் பாட்டிமார் வழிதான்: பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதே தத்துவத்தில் ஃபீடருக்கு மேலே கம்பியில் மாட்டும் சின்னத் தண்ணீர்க் கிண்ணம் விற்கிறது. அதில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை இன்றே துடைத்துவிடுங்கள். இறகில் எண்ணெய் பட்டால் அதைக் கோதி நீக்க முடியாமல் பறவை தவிக்கும். துளையைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் பூ இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். மஞ்சள் குளவியை அழைக்கும்.

ஆறு வாரமாக வராததற்கு ஒரே காரணம் சொல்ல என்னால் முடியாது. புளித்த தேன் ஒன்று. இடம் இன்னொன்று. கூரைக்கு அடியில், செடியே இல்லாத சிமெண்டுத் தளத்துக்கு நடுவில் தொங்கும் குப்பி பறக்கும் பறவையின் கண்ணில் படுவது சந்தேகம். பக்கத்தில் உட்கார ஒரு கிளை இருக்கும் இடமாகப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் வேகம் எடுத்து மோதிக்கொள்ளும். மூன்றாவது காரணம் பருவம். ஆஸ்டின் பக்கம் கூடு கட்டுவது பெரும்பாலும் பிளாக்-சின்ட் என்ற இனம். மார்ச் நடுவில் வந்து செப்டம்பரில் கிளம்பிவிடும். ரூபி-த்ரோட்டட் என்ற சிவப்புத் தொண்டைக்காரர் இங்கே பெரும்பாலும் வழிப்போக்கர். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் தெற்கே போகிற கூட்டம் இறங்கும்போது, கோடையில் ஈயடித்த ஃபீடர்கூட நிறைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பரில் ராக்போர்ட் கடற்கரையில் வளையமிடும்போது, மெல்லிய துணியில் சுற்றிய பறவையை என் கையில் கொடுப்பார்கள். எடை தெரியாது, கைக்குள் ஓர் அதிர்வு மட்டும் தெரியும், வைப்ரேஷனில் போட்ட கைபேசிபோல. வளையம் கடுகளவு. உறிஞ்சுகுழலால் வயிற்று இறகை ஊதி விலக்கினால், ஒளி ஊடுருவும் தோலுக்கு அடியில் வெண்ணெய் நிறத்தில் கொழுப்பு திரண்டிருக்கும். சில பறவைகள் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டிவிடுகின்றன. 800 கிலோமீட்டர், நடுவில் இறங்க ஓர் இலைகூடக் கிடையாது. மற்றவை கரையோரமாகவே போகும். நீங்கள் வைக்கும் சீனித்தண்ணீர் இந்த வழிப்பயணத்தில் ஒரு டீக்கடை. ஊட்டி வளர்ப்பது வேறு.

வளர்ப்பது பூச்சி. இதைத்தான் பலர் அறிவதில்லை. சீனியில் புரதம் இல்லை. கொசு, சிறு ஈ, குட்டிச் சிலந்தி என்று நாள் முழுதும் பிடித்துத் தின்கிறது. குஞ்சுக்கு ஊட்டுவதும் முக்கியமாக அதுதான். மாதாமாதம் ஆள் வைத்துக் கொல்லைப்புறத்துக்குக் கொசு மருந்து அடித்துவிட்டு ஃபீடர் தொங்கவிடுவது, அடுப்பை அணைத்துவிட்டுப் பந்தியில் இலை போடுவதுபோல. மருந்தை நிறுத்துங்கள். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசு குறையும்.

ஒட்டடையும் அடிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், இது என் மாமியாருக்கும் எனக்கும் நடந்த பெரிய வழக்கு. ஓர் ஏப்ரலில் அவர் ஒட்டடைக் கம்போடு பின்வாசல் கூரையடியைத் துடைக்கப் போனபோது, பெண் பிளாக்-சின்ட் ஒன்று அந்தரத்தில் நின்று சிலந்தி இழையை அலகால் சுழற்றிச் சுழற்றிச் சேர்த்துக்கொண்டிருந்தது. கழுத்திலும் மார்பிலும் இழை ஒட்டியிருந்தது. நேரே ஓக் மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் போயிற்று. அங்கே செடிப் பஞ்சையும் இழையையும் பிணைத்து, பாதி வால்நட் ஓடு அளவில் ஒரு கிண்ணம். இழையால் கட்டியிருப்பதால் குஞ்சு வளர வளர அந்தக் கூடும் நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டு முட்டை, காப்பிக்கொட்டை அளவு. அடைகாப்பதும் ஊட்டுவதும் பெண் மட்டுமே; ஆணுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. மாமியார் கம்பைக் கீழே வைத்துவிட்டு, "இவளுக்கும் நம் கதைதான்" என்றார். எங்கள் வீட்டில் ஜூன் முடியும்வரை வெளிக்கூரை ஒட்டடைக்கு விடுமுறை. கூட்டைக் கண்டால் கிளையை வெட்டவோ படமெடுக்க வளைக்கவோ வேண்டாம். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைக்கவும் பிடுங்கிக்கொண்டு போகவும் தடைவிதிக்கிறது.

செடிக்கு வருகிறேன். அம்மா சொன்ன செம்பருத்தி பாதி சரி. நம் ஊர் அடுக்குச் செம்பருத்தியைவிட, அதன் உறவான டர்க்ஸ் கேப் இங்கே நல்லது. இதழ் விரியாமல் சுருண்டே இருக்கும் சிவப்புப் பூ, ஓக் நிழலிலும் பூக்கும், வெயிலுக்கும் குளிருக்கும் அசராது. வெயில் இடத்துக்கு ஆட்டம் சேஜ் (Autumn Sage) என்ற செடி. ஃபிளேம் அகாந்தஸ் என்று ஒன்று உண்டு. கனகாம்பரக் குடும்பம், ஒடுங்கிய குழலாக ஆரஞ்சுச் சிவப்பில் கோடை முழுக்கப் பூக்கும். மார்ச்சில் முதல் பறவை வரும்போது பூத்திருக்க ஒரு கோரல் ஹனிசக்கிள் கொடியை வேலியில் ஏற்றுங்கள்; ஜப்பானிய ஹனிசக்கிளை வாங்கிவிடாதீர்கள், அது காடுகளுக்குள் பரவிக் கெடுக்கும் வகை. பெரிய கடைகளில் விற்கும் நாற்றுகளில் சில, வேரிலிருந்து பூத்தேன்வரை ஏறும் பூச்சிமருந்து போட்டு வளர்ந்தவை. கேட்டு வாங்குங்கள். நாட்டுச் செடி விற்கும் சிறு நர்சரிகளில் இந்தத் தொல்லை குறைவு. தெற்கு ஆஸ்டினில் லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையத்துக்கு ஒருமுறை அம்மாவை அழைத்துப் போங்கள்; எந்தச் செடி எவ்வளவு பெரிதாக வளரும் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

பறவை வந்தபின் ஒரு சண்டைக்காரர் வருவார், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஒன்று ஃபீடரைப் பட்டா போட்டுக்கொண்டு மற்றவற்றைத் துரத்தும். இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணுக்குப் படாமல் வையுங்கள். இலையுதிர்காலத்தில் ஃபீடரின் மேல் பச்சைக் குச்சிபோல உட்கார்ந்திருக்கும் கும்பிடுபூச்சியையும் கவனியுங்கள். அது ஹம்மிங்பேர்டைப் பிடித்துத் தின்னும். எடுத்துத் தூரத்துப் புதரில் விட்டுவிடுங்கள்.

இப்படி உணவு வைப்பதே சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவலையில் அதுவும் இருக்கிறது. இதில் கட்சி கட்டும் அளவுக்கு என்னிடம் பிடிவாதம் இல்லை. பசிபிக் கரையில் அன்னாஸ் என்ற இனம் கடந்த நூற்றாண்டில் கலிபோர்னியாவிலிருந்து வடக்கே கனடாவரை பரவியதில் தோட்டச் செடிகளுக்கும் ஃபீடர்களுக்கும் பங்கு உண்டு. அதன் அலகின் நீளமும் வடிவமும்கூட ஃபீடரை ஒட்டி மாறிவந்திருப்பதாக 2025இல் ஓர் ஆய்வு சொன்னது. அது நல்லதா கெட்டதா என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஃபீடர் இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்பது மட்டும் தவறு. பகல் குறைவதைப் பார்த்து அது கிளம்புகிறது. சீனித்தண்ணீரைக் காட்டி நிறுத்த முடியாது.

அம்மாவின் கேள்விக்கு: தேன்சிட்டு இல்லை. தோற்றத்திலும் தொழிலிலும் ஒற்றுமை, இரத்த உறவு கிடையாது. தேன்சிட்டு காக்கை, குருவி பக்கத்து உறவு. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய உறவு நம் ஊர்க் கோயில் கோபுரங்களைச் சுற்றி வட்டமடிக்கும் உழவாரன். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேறு எங்கும் இன்று காட்டில் கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டு குடிக்கும். இது காற்றில் நின்று குடித்துவிட்டுப் பின்பக்கமாகவே பறந்து விலகும். அம்மா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும், பறவை வந்த பிறகு.

தீபாவளிப் பயணத்துக்குக் கவலையே வேண்டாம். அந்த நேரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாம் போயிருக்கும். பிந்திய ஒன்றிரண்டு, உங்கள் குப்பி இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போகும். எந்தப் பறவையும் ஒரே ஃபீடரை நம்பி வாழ்வதில்லை. போகும்போது நீரோடு விட்டுப் போகாதீர்கள். கழற்றிக் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். திரும்பிவந்தபின் ஆசையிருந்தால் குளிர்காலம் முழுதும் ஒன்றைத் தொங்கவிடலாம். மேற்கிலிருந்து வழிமாறி வரும் ரூஃபஸ் இனம் சில வீடுகளில் தங்குவதுண்டு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் ரூஃபஸ் இருந்தது. மின்சாரம் இல்லை, ஃபீடர் அரை மணியில் உறைந்தது. இரண்டு குப்பிகளை மாற்றி மாற்றி, ஒன்று வெளியே தொங்கும்போது மற்றது என் கோட்டுக்குள். நான்காம் நாள் வெயில் வந்தது. அது குடித்துவிட்டுப் போயிற்று. குளிர்காலத்தில் வேண்டாம் என்றால் மார்ச் இரண்டாம் வாரம் மறுபடி மாட்டுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஆண். கழுத்து கறுப்பாகத் தெரிந்தாலும், அது தலையைத் திருப்பும் ஒரு கணத்தில் கழுத்துக்கடியில் ஊதாப் பட்டை ஒன்று மின்னும்.